நீங்க தைரியசாலிக்கா

2020 மே மாதம். பழவேற்காடு பாலத்தைத் தாண்டி எங்கள் வண்டி லைட்ஹவுஸ் குப்பத்துக்குள் நுழைந்தபோது காலை பத்து மணி இருக்கும். பொன்னேரியில் இருக்கும் சில ஆசிரியர்கள் காசு போட்டு வாங்கிய அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு ஆகியவற்றை மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தோம். வரிசையில் நின்றவர்களில் ஒருவர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர். எங்கள் தெருவுக்குப் பத்து வருடங்களுக்கு மேலாக அன்னக்கூடையில் மீன் கொண்டுவரும் அக்கா. அவர் வாயைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும். பேரம் பேசினால் "வாங்கினா வாங்கு, இல்லாட்டி வுடு" என்று கூடையைத் தூக்கிவிடுவார். அன்று வரிசையில் நின்றபடி, முகக்கவசத்துக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னார்:

"ராத்திரியில நெஞ்சு மேல யாரோ ஏறி ஒக்காந்த மாரி கீது டீச்சரம்மா. தூக்கமே இல்ல. அப்டியே தண்ணியில எறங்கி நடந்துகினே பூடலாமான்னு தோணுது."

நான் சொன்னேன்: "என்னக்கா இப்படிப் பேசறீங்க? சுனாமியையே பார்த்தவங்க நீங்க. நீங்க தைரியசாலிக்கா."

அவர் சிரித்தார். கண் மட்டும்தான் தெரிந்தது. சிரித்தார் என்றே வைத்துக்கொண்டேன். "ஆமாம்மா" என்று சொல்லி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

அந்தப் பதிலை நான் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னேன், மரியாதையாகவும் சொன்னேன். ஆனால் ஒரு பெண் சாவைப் பற்றிப் பேசினார், நான் அவரைப் பாராட்டி வாயை மூடினேன். அப்படி நடந்தது எப்படி என்று அதன்பிறகு நான் யோசிக்காத மாதம் இல்லை. பாராட்டு என்பது ஒருவருக்குக் கொடுப்பது என்றுதான் நினைத்திருந்தேன். அது ஒருவரிடமிருந்து எதையாவது எடுத்துக்கொள்ளவும் முடியுமா?

*

மீன் விற்கும் பெண்ணைப் பற்றித் தமிழில் இரண்டு பேச்சுகள் உண்டு. ஒன்று வசை. வீட்டில் பெண் குழந்தை சத்தமாகப் பேசினால் "மீன்காரி மாதிரி கத்தாதே" என்பார்கள். என் அம்மாவும் சொல்லியிருக்கிறார். இன்னொன்று புகழ்ச்சி. யாருக்கும் அஞ்சாதவள், புருஷன் கடலுக்குப் போனாலும் போகாவிட்டாலும் குடும்பத்தைக் காப்பவள், இரும்பு மனுஷி. சினிமாவும் பத்திரிகையும் மகளிர் தின மேடையும் இந்த இரண்டாவதைத்தான் சொல்லும். முதலாவது சாதித் திமிரிலிருந்து வருவது, இரண்டாவது நல்லெண்ணத்திலிருந்து வருவது என்று வெகுகாலம் பிரித்து வைத்திருந்தேன். இப்போது எனக்கு இரண்டும் ஒரே உருவத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் போலத் தெரிகின்றன. இரண்டிலும் அந்தப் பெண்ணுக்குத் தொண்டை இருக்கிறது, இடுப்பு இருக்கிறது, உழைக்கும் கை இருக்கிறது. தூக்கம் கெட்டுப்போகக்கூடிய மனசு மட்டும் இரண்டிலும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. நம் இலக்கண மரபு ஐந்து நிலங்களைப் பிரித்தபோது கடலும் கடல் சார்ந்த இடமுமான நெய்தலுக்குக் கொடுத்த உரிப்பொருள் இரங்கல். குறிஞ்சிக்குக் கூடல், முல்லைக்குக் காத்திருத்தல், கடற்கரைக்கு வருந்தி அழுதல். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே கரையில் நிற்கும் பெண்ணுக்குத் துயரம் உண்டு என்று எழுதிவைத்துவிட்டார்கள். ஆனால் அந்தத் துயரத்துக்கு ஒரே ஒரு காரணம்தான் அனுமதி: பிரிந்துபோன தலைவன். குழுக்கடன் தவணைக்காக அழும் பெண்ணுக்கு அங்கே துறை கிடையாது. இலக்கியம் வகுப்பில் நெய்தல் நடத்தும்போது நானே இதைக் கவனித்ததில்லை.

*

அந்த மூன்று மாதங்களில் குப்பத்தில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் மனநலம் என்று பேசினால் அது காற்றில் பேசுவதாகிவிடும்.

மார்ச் 25இலிருந்து ஊரடங்கு. ஏப்ரல் 10 அன்றுதான் மீன்பிடித் தொழிலுக்கு மத்திய உள்துறை விலக்கு அளித்தது. அதற்குள் ஏப்ரல் 15இலிருந்து விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. வழக்கமாக 61 நாள், அந்த வருடம் மே 31 வரை என்று குறைத்தார்கள். பழவேற்காட்டுப் பக்கம் பெரும்பாலும் ஃபைபர் படகுகள்தான், அவற்றுக்குத் தடை இல்லை. ஆனால் பிடித்த மீனை எங்கே விற்பது? ஏலம் கூடக் கூடாது, கூட்டம் சேரக் கூடாது, பேருந்து இல்லை. படகுக்காரர் கரையிலேயே மொத்தமாக ஒரு வேன்காரருக்குக் கொடுத்துவிடலாம். கூடைக்காரப் பெண்ணுக்கு அப்படி ஒரு வழி இல்லை. அவளுக்குப் பேருந்துதான் கடை, தெருதான் சந்தை. செப்டம்பரில்தான் பேருந்துகள் ஒழுங்காக ஓட ஆரம்பித்தன. ஆறு மாதம்.

கடன் ஆறு மாதம் காத்திருக்காது. மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி, தவணைகளை மூன்று மாதத்துக்குத் தள்ளிவைக்கலாம் என்று கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்கு அனுமதி தந்தது. பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. அனுமதி என்பதுதான் சொல், உத்தரவு இல்லை. வட்டியும் நிற்கவில்லை. குழுவில் பத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேர் அவள் வீட்டு வாசலில் உட்காருவார்கள். வெளியாள் மிரட்டினால் திருப்பித் திட்டலாம். பக்கத்து வீட்டுக்காரி, கூடவே வெற்றிலை போட்டவள், "எனக்காகக் கட்டுடி" என்று அழுதால் என்ன செய்வது? கடனின் பணக் கணக்கைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். இந்தக் கணக்கைப் பற்றிப் பேசவில்லை.

டாஸ்மாக் மார்ச் கடைசியில் மூடியது. வீட்டில் சண்டை குறைந்தது என்று சொன்ன பெண்கள் உண்டு. குடிக்கக் கிடைக்காமல் கை நடுங்கிய ஆணை ராத்திரி முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னவர்களும் உண்டு. மே 7 அன்று கடையைத் திறந்தார்கள். பல ஊர்களில் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது, 16ஆம் தேதி மறுபடி திறந்தது. மீன் விற்கும் பெண்ணுக்கு வழி திறக்கும் முன் அவள் புருஷனுக்குக் கடை திறந்துவிட்டது என்று ஒரு பெண் என்னிடம் சொன்னார். இந்த வரியைப் பல கூட்டங்களில் என் வரி போலப் பயன்படுத்தியிருக்கிறேன். அது அவருடையது.

இவையெல்லாம் பொருள் இழப்புகள். கணக்கில் வராத இன்னொரு இழப்பு இருந்தது. காலையில் நான்கு மணிக்குக் கரையில் கூடும் ஏலம், விற்றுமுடித்த பிறகு பேருந்து நிறுத்தத்தில் அரை மணி நேரம், திரும்பி வரும் பேருந்தின் பின்சீட்டு: இந்த இடங்களில்தான் அந்தப் பெண்கள் பேசினார்கள். வீடு ஒற்றை அறை. மாமியார், புருஷன், பிள்ளைகள். வேலைக்குப் போவது சம்பாதிக்க மட்டும் அல்ல, ஐந்தாறு மணி நேரம் வீட்டுக்கு வெளியே தன் வயதுப் பெண்களோடு இருப்பதற்கும்தான். ஊரடங்கு அதை எடுத்துக்கொண்டது. சாவு வீட்டில் இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்றார்கள். ஒப்பாரிக்கு வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு அழுவது நம் ஊரில் பெண்களே பெண்களுக்காகச் செய்துவைத்த ஏற்பாடு. அங்கே செத்தவருக்காக மட்டும் யாரும் அழுவதில்லை. ஒவ்வொருத்தியும் தன் சொந்தக் கதையை அந்தச் சாவின் மேல் ஏற்றி அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவாள். தொட்டால் நோய் ஒட்டும் என்றபோது அதுவும் போனது. அந்த வருட ஆடியில் கூட்டம் கூடிக் கூழ் ஊற்ற அனுமதி இல்லை. சாமி வந்தால்தான் மாமியாரை நாலு வார்த்தை கேட்க முடியும் என்ற நிலையில் இருக்கும் மருமகளுக்கு, அந்த வருடம் சாமியும் வரவில்லை. நான் பகுத்தறிவு பேசும் குடும்பத்தில் வளர்ந்தவள், சாமியாட்டத்தைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறேன். இப்போது அதை அப்படிப் பார்க்க முடியவில்லை.

*

அதே மே மாதம் 25ஆம் தேதி அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பின மனிதரின் கழுத்தில் ஒரு வெள்ளைப் போலீஸ்காரர் ஒன்பது நிமிடத்துக்கு மேல் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றார். உலகமே அந்தக் காணொளியைப் பார்த்தது. கொரோனாவிலும் அங்கே கறுப்பின மக்கள் தங்கள் மக்கள்தொகைப் பங்கை விட அதிகமாகச் செத்துக்கொண்டிருந்த நேரம். ஊரடங்கில் எனக்குக் கிடைத்த ஓய்வில் (மீன்கூடை தூக்காதவர்களுக்கு ஊரடங்கு ஓய்வும்தான்) அந்தப் பெண்கள் எழுதியதைப் படிக்க ஆரம்பித்தேன். நான் குப்பத்தில் சொன்ன வாக்கியம் அங்கே எனக்காகக் காத்திருந்தது.

"வலிமையான கறுப்பினப் பெண்" என்ற உருவத்தைப் பற்றி அவர்கள் நாற்பது வருடத்துக்கு மேலாக எழுதிவருகிறார்கள். மிஷேல் வாலஸ் 1979இல் எழுதினார், பெல் ஹூக்ஸ் 1993இல், மெலிசா ஹாரிஸ்-பெரி 2011இல். மூவரும் ஒரே மாதிரி சொல்லவில்லை, ஆனால் ஒரு இடத்தில் சேர்கிறார்கள். எதையும் தாங்குவாள் என்ற பெயர் அந்தப் பெண்ணுக்கு அடிமைக் காலத்திலிருந்து வருவது. தாங்குவாள் என்று முடிவுசெய்துவிட்டால் அவள் மேல் எதையும் ஏற்றலாம். ஏற்றிய பிறகும் அவள் விழவில்லை என்றால், பார்த்தீர்களா, தாங்குகிறாள் என்று அதையே சாட்சியாகக் காட்டலாம். கொடுமை என்னவென்றால், அந்தப் பெண்களே அந்தப் பெயரைப் பெருமையாக ஏற்றுக்கொண்டார்கள். வேறு மரியாதை எதுவும் கிடைக்காத இடத்தில் கிடைத்த ஒரே மரியாதை அது. அதை விட்டுவிடுங்கள் என்று வெளியிலிருந்து சொல்வது சுலபம். எங்கள் அக்காவும் "ஆமாம்மா" என்றுதானே சொன்னார்.

பட்டினவர் பெண்ணும் அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. நிறவெறிக்கும் சாதிக்கும் நடுவே இழுத்துப் பொருத்தும் ஒப்புமைகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனால் இந்தக் கரைக்கும் அந்த வரலாற்றுக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். நம் பாடப் புத்தகங்கள் துணி வியாபாரத்தைச் சொல்லும். சுற்றுலா போகிறவர்கள் டச்சுக் கல்லறைகளைப் படம் எடுப்பார்கள். அதே 17ஆம் நூற்றாண்டில் பஞ்சத்தில் விற்கப்பட்ட ஆயிரக்கணக்கான மனிதர்கள் இங்கிருந்து பத்தேவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேறினார்கள். அவர்களில் பெண்கள் எத்தனை பேர், அவர்கள் எப்படி அழுதார்கள் என்பதற்கு நம்மிடம் ஒரு கல்லறைகூட இல்லை.

*

என் தோழி ஒருத்தி மீனவர் சங்க வேலைகளில் இருப்பவள். இந்த அக்காவைப் பற்றிச் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்தது, என் மேல்தான். "அவங்களுக்கு மனநோய் இல்ல, கடன் இருக்கு. முகத்துவாரம் தூர்ந்துபோச்சு, எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலும் வெந்நீரும் தண்ணியைக் கெடுக்குது, காட்டுப்பள்ளித் துறைமுகத்தை இன்னும் பெருசாக்கப் போறாங்க. இவ்வளவுக்கு நடுவுல ராத்திரி தூங்கறவங்கதான் பைத்தியம். மாத்திரை கொடுத்து அவங்க வாயை அடைக்கப் பார்க்கறீங்களா?"

இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. நியாயமான எதிர்வினைக்கு நோய் என்று பெயர் வைத்த வரலாறு உண்டு. 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், பண்ணையிலிருந்து தப்பி ஓட நினைக்கும் அடிமைகளுக்கு ஒரு மனநோய் இருப்பதாகச் சொல்லி, அதற்கு 'டிராபெட்டோமேனியா' என்று ஒரு பெயரும் கண்டுபிடித்தார். அடிமைத்தனத்தை அல்ல, ஓடுவதைத்தான் நோய் என்றார். நம் ஊரிலும் புருஷனை எதிர்த்த பெண்ணுக்குப் பைத்தியம் என்று பட்டம் கட்டிக் கோயிலில் கொண்டுபோய்க் கட்டிவைத்த கதைகள் எல்லாக் குடும்பத்திலும் ஒன்றாவது இருக்கும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் 28 பேர் எரிந்து செத்தார்கள். நெருப்பு வந்தபோது அவர்களால் ஓட முடியவில்லை. எனவே, இந்தச் சொல்லை ஒருவர் மேல் வைக்கும்போது கை நடுங்கத்தான் வேண்டும்.

ஆனாலும் தோழி சொன்னதில் ஒரு இடம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. காரணம் தெரிந்த துயரம் நோய் ஆகாது என்று அவள் வைத்துக்கொள்கிறாள். நடுத்தர வர்க்கப் பெண் ஒருத்தி, எந்தக் குறையும் இல்லாத வீட்டில், மூன்று மாதம் தூங்காமல் இருந்தால் உடனே மருத்துவரிடம் போகச் சொல்கிறோம். காரணம் இல்லையே, அப்போது நோய்தான். ஏழைப் பெண் தூங்கவில்லை என்றால் காரணம் கண்முன்னே இருக்கிறது, எனவே நோய் இல்லை. இதை நீட்டிப் பார்த்தால் எங்கே போய் நிற்கிறோம்? மனம் என்பது வசதி உள்ளவர்களுக்கு மட்டும் உண்டு. மற்றவர்களுக்கு நிலைமை மட்டும்தான் உண்டு. அவள் துயரத்தை முழுக்க விளக்கிவிட்டோம் என்பதற்காக அவளிடம் அதைப் பற்றிக் கேட்பதையே நிறுத்திவிடுகிறோம். நான் அவளைத் தைரியசாலி என்றேன், தோழி அவளைக் கடனாளி என்றாள். எங்கள் இருவருக்கும் நடுவில், நெஞ்சு மேல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொன்ன பெண்ணைக் காணோம்.

லாரி மோதிக் கால் உடைந்தால் காரணம் லாரி. அதற்காக உடைந்தது கால் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. கட்டும் போட வேண்டும், லாரிக்காரர் மேல் வழக்கும் போட வேண்டும். இந்த உதாரணத்தைச் சொன்னபோது தோழி சிரித்துவிட்டு ஒன்று கேட்டாள்: "லாரி இன்னும் கால் மேலயே நிக்குதே, இப்ப கட்டுப் போட்டு என்ன பிரயோஜனம்?" நியாயம்தான். உதாரணம் அந்த அளவுக்கு நொண்டுகிறது. ஆனால் வண்டி நகரும் வரை வலிக்கு எதுவும் தர மாட்டோம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வண்டி நகர்ந்த பிறகும் வலி போகாமல் இருக்கலாம். அந்த அக்காவுக்கு அப்படித்தான் ஆனது. டிசம்பரில் இரண்டு கடன்களில் ஒன்றை அடைத்துவிட்டார். தூக்கம் திரும்பவில்லை. அவரே அதைப் பார்த்துப் பயந்தார். "கடன்காரன் போயிட்டான், இது இன்னா போகாம கீது?" என்று கேட்டார். துயரம் ஒரு காரணத்தால் வருகிறது. வந்த பிறகு தனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொள்கிறது. காரணம் எது என்பது யார் பதில் சொல்ல வேண்டும் என்பதைக் காட்டும். உள்ளே என்ன உடைந்திருக்கிறது என்பதைக் காட்டாது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. ஒருவரின் அரசியல், பொருளாதார, சமூக நிலையை வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவுசெய்யக் கூடாது என்கிறது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநல சேவை ஒவ்வொருவருக்கும் உரிமை என்றும் சொல்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, தண்டிக்காமல், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. கார்ட்ரைட்டுக்கும் பதில் இருக்கிறது, என் தோழிக்கும் இருக்கிறது. காகிதத்தில்.

*

மொழியில்லாததால்தான் இந்தப் பெண்கள் சொல்ல முடியவில்லை என்று ஒரு வாதம் உண்டு. மிராண்டா ஃபிரிக்கர் என்ற தத்துவவாதி 2007இல் எழுதிய நூலில், தன் அனுபவத்துக்குப் பொதுவெளியில் பெயர் இல்லாமல் போவதே ஒருவருக்கு இழைக்கப்படும் அநீதி என்கிறார். பாலியல் சீண்டல் என்ற சொல் பிறக்கும் முன் பெண்கள் அதை எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தால் அவர் சொல்வது புரியும். ஆனால் குப்பத்தில் எனக்கு வேறு மாதிரி தோன்றியது. படபடப்பு, நெஞ்சடைப்பு, கிறுகிறுப்பு, "ஒரே யோசனை", "கைகால் வுட்டுப்போச்சு", "மனசு ஒடிஞ்சிபோச்சு", "காத்து பட்டுடுச்சி". எத்தனை சொற்கள்! 'டிப்ரஷன்' என்ற ஒற்றைச் சொல்லைவிட இவை எவ்வளவு நுணுக்கம். அக்கா என்னிடம் சொன்னதில் ஒரு சொல்கூடப் புரியாமல் இல்லை. அதே ஃபிரிக்கர் சொல்லும் இன்னொரு அநீதி இதற்குப் பொருந்தும்: சொல்பவர் யார் என்பதைப் பார்த்து, கேட்பவர் அவர் பேச்சின் எடையைக் குறைத்துவிடுவது. சொல் இருந்தது. காது இல்லை. அந்தக் காது என்னுடையது.

ஊரடங்கின்போது தொலைபேசி ஆலோசனை எண்கள் நிறைய அறிவித்தார்கள். 104 தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருந்தது. 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற டெலி மானஸ் எண்ணும் இருக்கிறது. இரண்டையும் என் மாணவிகளிடம் எழுதிவைத்துக்கொள்ளச் சொல்கிறேன், நீங்களும் வைத்திருங்கள். ஆனால் அக்காவிடம் 104ஐச் சொன்னபோது அவர் கேட்டது: "எங்க நின்னுக்கினு பேசறது?" வீட்டில் ஒரே போன், அது மகனின் ஆன்லைன் வகுப்புக்கு. வெளியே வந்து பேசினால் தெருவே கேட்கும். எழுத ஒரு பெண்ணுக்குத் தனியறை வேண்டும் என்றார் வர்ஜீனியா வூல்ஃப். அழவும் ஓர் அறை வேண்டும் போலிருக்கிறது.

பில்லி ஏவரி என்ற கறுப்பினப் பெண் 1983இல் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில் ஒரு மாநாடு கூட்டினார். கறுப்பினப் பெண்களின் உடல்நலம் பற்றிய மாநாடு. அதிலிருந்து சிறு குழுக்கள் கிளம்பின. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தங்களுக்கு நடந்ததை ஒருவருக்கொருவர் சொல்வதுதான் அந்தக் குழுக்களின் முக்கிய வேலை. அதற்கு அவர்கள் வைத்த பெயர் சுய உதவிக் குழு. இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நம் மாநிலத்திலும் 1989இல் தர்மபுரியில் தொடங்கிய திட்டத்துக்கு அதே பெயர்தான். இங்கேயும் பெண்கள் வட்டமாக உட்காருகிறார்கள். சேமிப்பு நோட்டு, தவணைத் தேதி, கையெழுத்து. இந்தக் குழுக்கள் பெண்களை வீட்டுக்கு வெளியே கொண்டுவந்தன, வங்கிக்குள் நுழைய வைத்தன. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே பெயர், ஒரே வட்டம். அங்கே ஒருத்தி பேசுவதை மற்றவர்கள் கேட்பதற்கு. இங்கே ஒருத்தி கட்டாததை மற்றவர்கள் கேட்பதற்கு.

*

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. தைரியசாலி என்ற பெயருக்குக்கூட ஏரிக்கரையில் படிநிலை உண்டு. பழவேற்காட்டில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. ஏரியில் யார் எங்கே எந்த நாள் வலை விடலாம் என்பதைச் சீட்டுப்போட்டு முறைவைத்துப் பங்கிடுவார்கள். பொதுவளத்தை மக்களே நிர்வகிப்பதற்கு நல்ல உதாரணம் என்று ஆய்வாளர்கள் புகழ்வார்கள். அந்தப் பங்கு ஆண்களுக்கானது. மீனவர் அல்லாத சாதிகளுக்கு அதில் இடம் இல்லை. இருளர் பெண்கள் இடுப்பளவு சேற்றுத்தண்ணீரில் குனிந்து கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் போடுகிறார்கள். நாள் முழுக்க நீரில் நின்று வரும் அவர்களை யாரும் இரும்பு மனுஷி என்றுகூடச் சொன்னதில்லை. எங்கள் நிவாரண வண்டி அன்று அவர்கள் குடியிருப்புப் பக்கம் போகவில்லை. பட்டியல் குப்பத்திலிருந்து வந்தது. நாங்கள் பட்டியலைப் பார்த்துக் கொடுத்தோம். அந்தப் பெண்களின் தூக்கத்தைப் பற்றி எழுத எனக்கு ஒரு வரியும் இல்லை, ஏனென்றால் நான் போய்க் கேட்கவில்லை.

*

நவம்பர் கடைசியில் நிவர் புயல் வந்து போன பிறகு அக்கா மறுபடி எங்கள் தெருவுக்கு வந்தார். குரல் பாதியாக இருந்தது. கிழங்கானை முறத்தில் வைத்துக்கொண்டு நான் மே மாதத்தைப் பற்றிக் கேட்டேன். "அன்னிக்கு நீங்க தண்ணியில இறங்கறதைப் பத்திச் சொன்னீங்க. நான் சரியாக் கேக்கல. இப்பவும் அப்படித் தோணுதாக்கா?"

சாவைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுவோம் என்று எனக்குப் பயம் இருந்தது. பிறகுதான் தெரிந்துகொண்டேன், நேராகக் கேட்பதால் அப்படி ஆகாது என்றுதான் மனநல மருத்துவர்கள் சொல்கிறார்கள். அவர் கொஞ்ச நேரம் செதில் சீவிக்கொண்டே இருந்தார். "சில நாளு தோணும். நெத்தம் இல்ல" என்றார். பிறகு முக்கால் மணி நேரம் பேசினார். மீன் வெயிலில் கிடந்தது. நான் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. என்ன சொல்வது என்று தெரியாததும் ஒரு காரணம்.

அடுத்த மாதம், கடன் ஒன்று அடைந்தும் தூக்கம் வராதபோது, இருவரும் ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனோம். மனநல மருத்துவர் வரும் நாள் எது என்று முன்பே விசாரித்து வைத்திருந்தேன். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். அக்கா முக்காடு போட்டுக்கொண்டு, யாராவது தெரிந்தவர் வந்தால் எனக்குத்தான் வைத்தியம் என்று சொல்லச் சொன்னார். சம்மதித்தேன். உண்மையிலேயே ஒரு பெண்மணி வந்து கேட்டார். எனக்குத் தலைசுற்றல் என்று சொன்னேன். அக்காவுக்கு அதில் அப்படி ஒரு சிரிப்பு. பல மாதத்துக்குப் பிறகு நான் பார்த்த சிரிப்பு.

இப்போது பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கூடைக்கு வேறு பிரச்சினை. 2021 டிசம்பரில் குளச்சலில் ஒரு வயதான பெண்ணை மீன் நாற்றம் என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள், முதலமைச்சரே கண்டித்தார். அதற்குப் பிறகும் சில நடத்துநர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வதாக அக்கா சொல்கிறார். மாத்திரை இன்னும் சாப்பிடுகிறார், ஒழுங்காக அல்ல. சாப்பிட்டால் விடியற்காலை எழுந்திருக்க முடியவில்லை, நான்கு மணி ஏலம் போய்விடுகிறது. நல்ல மீன் வரும் என்று தெரிந்த நாளுக்கு முந்தைய இரவு விட்டுவிடுகிறார். அப்படிச் செய்யக் கூடாது என்று மருத்துவர் சொன்னார். வேறு நேரத்துக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்க வேண்டும். இரண்டாவது கடனுக்கு இன்னும் பதினொரு தவணை பாக்கி, செவ்வாய்க்கிழமை தோறும்.